ஜெய்ப்பூரில் தேனிலவு: வெயிலின் திசை பார்த்துத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

தேனிலவுக்கு ஜெய்ப்பூர் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஊட்டியும் மூணாறும் இருக்க, பாலைவனத்துக்கு எதற்கு?" என்பதுதான். ஜெய்ப்பூர் பாலைவனம் அன்று. ஆரவல்லி மலைத்தொடரின் மடியில், மூன்று பக்கம் குன்றுகள் சூழ 1727ஆம் ஆண்டில் இரண்டாம் சவாய் ஜெய்சிங் திட்டமிட்டு எழுப்பிய நகரம் அது. வித்யாதர் பட்டாச்சார்யா என்ற வங்காளி அறிஞர் வகுத்த வரைபடப்படி, நேர்க்கோட்டுத் தெருக்களும் சதுரச் சதுரமான பேட்டைகளுமாக அமைந்த இந்தப் பழைய நகரை 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஜெய்சிங் அரசர் மட்டுமல்லர், வானியலாளரும்கூட. தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜைன், வாரணாசி, மதுரா ஆகிய ஐந்து இடங்களில் வான்நோக்கு நிலையங்களை அமைத்தவர். சூரியனைக் கணக்கிட்டவர் கட்டிய ஊரைச் சூரியனைக் கணக்கிட்டுத்தான் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். எந்த இடம் காலை வெயிலுக்கு உரியது, எது அந்திக்கு உரியது என்று தெரிந்துகொண்டு, நண்பகலை அறைக்கும் ஓய்வுக்கும் விட்டுவிடும் தம்பதியினர் நான்கு நாளில் இந்த ஊரை நிறைவாகப் பார்த்துவிடலாம். கல்யாண அலைச்சலும் மறுவீட்டு விருந்துகளும் முடிந்த கையோடு புறப்படுகிறவர்களுக்கு அந்த நண்பகல் ஓய்வு எவ்வளவு தேவை என்பது போன பிறகுதான் தெரியும்.

முதற்படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே ஏற்றவை. ஐப்பசி, தை, மாசி மாதங்களில் திருமணம் ஆனவர்களுக்கு இது இயல்பாகவே பொருந்திவிடும். வைகாசியில் மணம் முடித்தவர்கள் உடனே கிளம்ப வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது அங்கே அன்றாடம். கோட்டைச் சுவர்களைக் கையால் தொட முடியாது. அவர்கள் சில மாதம் பொறுத்துப் போவதே நல்லது.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும். சென்னை, மதுரைக்காரர்கள் இதைக் குறைத்து மதிப்பிட்டு ஒரே ஒரு மெல்லிய ஸ்வெட்டருடன் வந்து நடுங்குவது வழக்கம். வட இந்தியப் பனிமூட்டத்தால் விமானங்களும் ரயில்களும் தாமதமாகக்கூடிய காலமும் அதுவே என்பதால், தில்லி வழியாக இணைப்புப் பயணம் வைத்துக்கொள்பவர்கள் இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். நாங்கள் பிப்ரவரியில் போனோம். இன்னொரு முறை போனாலும் அதே மாதத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டு பண்டிகைகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜனவரி 14 மகர சங்கராந்தி அன்று ஜெய்ப்பூர் மொட்டை மாடிகள் முழுவதும் பட்டம் விடுபவர்களால் நிறைந்திருக்கும். ஆனால் தலைப்பொங்கலை விட்டுவிட்டுப் பட்டம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லும் துணிச்சல் புதுமாப்பிள்ளைகளுக்கு வருவது அரிது. மற்றொன்று மார்ச், ஏப்ரலில் வரும் கணகௌர். கௌரியையும் ஈசரையும் வழிபடும் இந்த நோன்பைப் புதுமணப் பெண்கள் 18 நாளும் விடாமல் நோற்பார்கள். நிறைவில் திரிபோலியா வாயிலிலிருந்து அம்மன் ஊர்வலம் புறப்படும்.

இரண்டாம் படி: பயணச்சீட்டும் மனைவியின் பெயரும்

சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு வாரத்தில் சில நாள் நேரடி ரயில் உண்டு. இரண்டு இரவுகள் பயணம் செய்ய வேண்டும் என்பதால் விடுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது சரிப்படும். விமானத்தில் தில்லி சென்று, அங்கிருந்து சதாப்தி போன்ற ரயிலில் நாலரை மணி நேரம் பயணிப்பதும் நல்ல வழி. நேராக ஜெய்ப்பூருக்கே விமானத்தில் சென்றால், சாங்கானேர் பகுதியில் உள்ள விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு வாடகைக் காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்.

பயணச்சீட்டு எடுக்கும்போது தமிழ்த் தம்பதியர் மட்டுமே செய்யக்கூடிய பிழை ஒன்று உண்டு. என் கணவர் ஆசை ஆசையாக என் பெயருக்குப் பின்னால் தம் பெயரைச் சேர்த்து விமானச் சீட்டு எடுத்துவிட்டார். என் ஆதார் அட்டையிலோ அப்பாவின் தலைப்பெழுத்துதான் இருந்தது. பெயரைத் திருத்துவதற்காக வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, கட்டணமும் கட்டினோம். அடையாள அட்டையில் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே சீட்டை எடுங்கள்; தலைப்பெழுத்து மாற்றமெல்லாம் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். விடுதியில் இருவருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள் என்பதால் அசலைக் கையில் வைத்திருங்கள். கணவன் மனைவியின் தலைப்பெழுத்துகள் வேறு வேறாக இருப்பது ஒரு தடையே இல்லை.

மூன்றாம் படி: தங்கும் இடம்

பழைய வணிகர்களும் பிரபுக்களும் வாழ்ந்த ஹவேலிகள் பல இன்று விடுதிகளாக மாறியுள்ளன. நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக, செட்டிநாட்டு வீட்டை நினைவூட்டும் அமைப்பு. மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் தங்கினால் காலையில் நடந்தே அரண்மனைப் பகுதிக்குப் போகலாம், ஆனால் கடைவீதிச் சத்தமும் வண்டி நெரிசலும் கூடவே வரும். மதிலுக்கு வெளியே பனி பார்க் பகுதி அமைதியானது. ரயில் நிலையமும் அருகில். ஆட்டோவில் பழைய நகரம் எட்டிவிடும் தொலைவுதான்.

'ஹனிமூன் பேக்கேஜ்' என்ற பெயரில் படுக்கையில் ரோஜா இதழும் ஒரு கேக்கும் வைத்து அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதைத் தவிர்த்து, அந்தப் பணத்தில் மொட்டை மாடியோ ஜன்னல் திண்ணையோ உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். முன்பதிவின்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: குளிர்காலத்தில் வெந்நீர் நாள் முழுக்க வருமா, அறை எந்தத் தளத்தில் இருக்கிறது. பழைய ஹவேலிகளில் மின்தூக்கி பெரும்பாலும் இராது.

வந்திறங்கும் மாலை

பயணக் களைப்புடன் கோட்டைக்கு ஓட வேண்டாம். பெட்டியை வைத்துவிட்டு, இருட்டிய பிறகு ராம் நிவாஸ் பூங்காவில் உள்ள ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தின் முன்னால் போய் நின்றால் போதும். 1887இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சாமுவேல் ஸ்விண்டன் ஜேக்கப். இரவு விளக்கொளியில் வெளியிலிருந்து பார்ப்பதே அதன் அழகு. பக்கத்தில் உள்ள மசாலா சௌக் திறந்தவெளி உணவகத் தொகுதியில் ஊரின் பல கடைப் பலகாரங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

முதல் நாள்: கிழக்குப் பார்த்த மாளிகையும் நிழல் அளக்கும் மேடையும்

ஹவா மஹால் கிழக்குப் பார்த்தது. சூரியன் எழுந்து கூரைகளுக்கு மேலே வந்ததும் அதன் முகப்பில் வெளிச்சம் நேராக விழும். மதியத்துக்குப் பிறகு போனால் முகப்பு தன் நிழலிலேயே மங்கிக் கிடக்கும். எனவே காலை 8 மணிக்குள் எதிர்ச் சாரியில் இருங்கள். அங்கே மாடியில் உள்ள தேநீர்க் கடைகளில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் முகப்பு முழுவதும் கண்ணுக்கு நேரே விரியும். 1799இல் சவாய் பிரதாப் சிங் கட்டிய ஐந்தடுக்கு மாளிகை இது. லால் சந்த் உஸ்தாத் வடிவமைத்தது. 953 சிறு சாளரங்கள் என்பது கணக்கு. அரண்மனைப் பெண்கள் தாம் வெளியே தெரியாமல் தெருவைப் பார்ப்பதற்காக எழுந்தது. பின்பக்கத்திலிருந்துதான் உள்ளே நுழைய வேண்டும். மேல் தளங்கள் ஓர் அறை அகலமே கொண்டவை; ஏறிச் செல்லப் படிகளைவிடச் சரிவுப் பாதைகளே மிகுதி. சாளரத்தின் முன் உட்கார்ந்து முகத்தை வைத்தால் காற்று குளிர்ந்து வீசுவதை உணரலாம்.

இந்த இடத்திலேயே கூட்டு நுழைவுச்சீட்டை வாங்கிவிடுங்கள். ஹவா மஹால், ஜந்தர் மந்தர் வான்நோக்கு நிலையம், ஆமேர், நாகர்கர் கோட்டைகள், ஆல்பர்ட் ஹால் ஆகியவற்றுக்கு இது ஒன்றே போதும். இரண்டு நாள் செல்லும். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு என்பதோடு, வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சமாகும். நகர அரண்மனைக்கும் ஜெய்கர் கோட்டைக்கும் சீட்டு தனி.

அங்கிருந்து நடக்கும் தொலைவில் ஜந்தர் மந்தர். காலை 10 மணியிலிருந்து 11 மணிக்குள், வானம் தெளிவாக இருக்கும்போது போவது நல்லது. நிழல் இல்லாவிட்டால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. 1734இல் முடிந்த இந்த நிலையத்தில் 19 கருவிகள் உள்ளன. சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் சாய்தளம் ஜெய்ப்பூரின் அட்சரேகையான 27 பாகைக்குச் சரியாக அமைந்து வடதுருவத்தை நோக்குகிறது. அருகே உள்ள வளைவான பளிங்கு அளவுகோலில் நிழலின் விளிம்பு விழும் இடத்தை நோக்கிக்கொண்டே ஒரு நிமிடம் நில்லுங்கள். நிழல் ஏறக்குறைய 6 செ.மீ. நகர்ந்திருக்கும். காலம் ஓடுவதைக் கண்ணால் பார்ப்பது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். அங்கே அது அப்படியே நடக்கிறது.

உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நம் இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது, ஜெய்ப்பூரோ அதற்கு மேற்கே ஏறக்குறைய 75.8 பாகையில் இருக்கிறது. அதனால் ஊர் நேரம் சராசரியாக 27 நிமிடம் பின்தங்கியிருக்கும். பூமியின் சுற்றுப்பாதை காரணமாக இந்த வேறுபாடு நவம்பர்த் தொடக்கத்தில் சுமார் 11 நிமிடமாகக் குறைந்து, பிப்ரவரி நடுவில் 41 நிமிடம் வரை கூடும். இந்தக் கணக்கைச் சொல்லக்கூடிய வழிகாட்டி ஒருவரை இந்த இடத்துக்கு மட்டுமாவது அமர்த்திக்கொள்வது வீண்செலவு அன்று.

பக்கத்தில் 12 ராசிக்கும் ஒவ்வொன்றாக 12 சிறு கருவிகள் கொண்ட ராசிவலய யந்திரம் இருக்கிறது. பத்துப் பொருத்தம் பார்த்து மணம் முடித்தவர்கள் தத்தம் ராசிக் கருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் இருவரின் கருவிகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. ஊரில் ஜோசியருக்கு அதைச் சொல்லவில்லை.

அடுத்த வாசலே நகர அரண்மனை. எல்லா அறைகளையும் பார்த்துக் களைத்துப்போக வேண்டாம். இரண்டு இடங்கள் போதும். ஒன்று, திவான்-இ-காஸ் மண்டபத்தில் நிற்கும் இரண்டு பிரம்மாண்டமான வெள்ளிக் கங்காஜலக் குடங்கள். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக 1902இல் இங்கிலாந்து சென்ற இரண்டாம் மாதோ சிங், கடல் கடந்த நாட்டிலும் கங்கை நீரையே பருகுவதற்காக இவற்றைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். மற்றொன்று, நான்கு பருவங்களுக்கு நான்கு வாயில்கள் கொண்ட பிரீதம் நிவாஸ் முற்றம். அதன் மயில் வாயிலின் முன்னால் படமெடுக்கக் கூட்டம் மொய்க்கும். தாமரை வாயில் பக்கம் நெரிசல் குறைவு. ஒரு மணிக்கு வெளியே வந்து, சாப்பிட்டு, அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: காலையில் ஆமேர், மாலையில் நாகர்கர்

பயணத்தின் சிகரம் இந்த நாள். ஜெய்ப்பூர் உருவாவதற்கு முன்பு கச்வாஹா அரசர்களின் தலைநகராக இருந்தது, 11 கி.மீ. தொலைவில் உள்ள ஆமேர். அக்பரின் படைத்தலைவர்களுள் ஒருவரான மான்சிங் 1592இல் தொடங்கிய அரண்மனையை மிர்சா ராஜா எனப்பட்ட முதலாம் ஜெய்சிங் உள்ளிட்ட பின்வந்தோர் விரிவாக்கினர்.

காலை 8 மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே இருக்க வேண்டுமானால் விடுதியிலிருந்து 7.15க்காவது கிளம்ப வேண்டும். மேலே செல்ல மூன்று வழிகள்: ஜீப், யானை, நடை. யானைச் சவாரி தேனிலவுப் படங்களில் அழகாக இருக்கும், ஆனால் சுட்டெரிக்கும் கல்பாதையில் ஆள் சுமந்து திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் அந்த விலங்குகளின் நிலை குறித்து விலங்குநல ஆர்வலர்கள் நீண்ட காலமாகவே குறைசொல்லி வருகிறார்கள். கால்மணி நேர நடைதான். கீழே மாவோட்டா ஏரியும் அதில் மிதப்பது போன்ற குங்குமப்பூத் தோட்டமும் ஒவ்வொரு திருப்பத்திலும் வெவ்வேறாகத் தெரியும். நடந்தே ஏறுங்கள்.

முதல் முற்றத்தின் ஓரத்தில் உள்ள சிலாதேவி கோயிலின் திருவுருவம், இன்று வங்கதேசத்தில் உள்ள ஜெசோரிலிருந்து மான்சிங் கொண்டுவந்தது. பிறகு கணேசர் வாயிலைத் தாண்டினால் கண்ணாடி மாளிகை. குழிந்தும் குவிந்தும் பதித்த சிறு கண்ணாடித் துண்டுகளால் ஆன கூரை இது. உள்ளே விடுவதில்லை, தூண்களுக்கு வெளியே நின்றே பார்க்க வேண்டும். எதிரே உள்ள சுக நிவாசத்தில் சுவரிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் வழிந்தோடி, காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். குளிர்சாதனம் இல்லாத காலத்தின் குளிர்சாதன அறை அது. 9.30க்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்து நிறைந்துவிடும். அதற்குள் இந்த இரண்டையும் பார்த்து முடித்து, பிறகு கடைசியில் உள்ள அந்தப்புரத்துக்குப் போகலாம். நான் அதிக நேரம் செலவிட்டது அந்த அந்தப்புரத்தில்தான். ஒருவர் அறைக்கு மன்னர் வருவது அடுத்த அறையிலிருப்பவருக்குத் தெரியாதபடி வழிகள் அமைந்திருப்பதாக வழிகாட்டி பெருமையுடன் சொன்னபோது, கூட்டத்திலிருந்த புதுமனைவிகள் யாரும் சிரிக்கவில்லை.

கோட்டைக்குப் பின்புறம் இறங்கினால் பன்னா மீனா படிக்கிணறு. எதிரெதிர்ச் சாய்வில் கோலம் போட்டதுபோல இறங்கும் படிகள்; இறங்க அனுமதி இல்லை, மேலிருந்து பார்க்கலாம். படைக்கலங்களில் ஆர்வம் இருந்தால் மட்டும் மேலே உள்ள ஜெய்கருக்குப் போய், 1720இல் வார்க்கப்பட்ட ஜெய்வாண் பீரங்கியைப் பார்க்கலாம். திரும்பும் வழியில் ஜல மஹாலுக்கு எதிரே ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும். ஏரி நடுவே உள்ள அந்த மாளிகைக்குள் போக முடியாது.

மதியம் தூங்கி எழுந்து, நான்கு மணிக்கு நாகர்கர். 1734இல் நகருக்குக் காவலாக எழுந்த மலைக்கோட்டை இது. உள்ளே உள்ள மாதவேந்திர பவனில் ஒன்பது அரசியருக்கு ஒரே மாதிரியான ஒன்பது வீடுகள் ஒரே தாழ்வாரத்தால் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தி சாயும்போது கோட்டை மதிலில் உட்கார்ந்தால் கீழே ஊர் முழுவதும் விளக்கேற்றிக்கொள்வது தெரியும். போகும்போதே திரும்பி வரும் வண்டியையும் பேசி நிறுத்திக்கொள்வது முக்கியம். அது காட்டுக்குள் வளைந்து வளைந்து செல்லும் பாதை, இருட்டிய பிறகு மேலே வண்டி கிடைப்பது கடினம்.

மூன்றாம் நாள்: கடைவீதி

இந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பழைய நகரில் பல கடைகள் அன்று மூடியிருக்கும். கடைவீதிகள் பொருளுக்குப் பொருள் பிரிந்தவை. ஜௌஹரி பஜார் நகைக்கு, பாப்பு பஜார் துணிக்கும் ஜூத்தி எனப்படும் தோல் காலணிக்கும், திரிபோலியா பஜார் பித்தளைக்கு. மெட்ரோவில் பெரிய சௌபட் நிலையத்தில் இறங்கினால் நடுவில் வந்து நிற்கலாம். 1876இல் வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக இரண்டாம் ராம்சிங் பூசச் செய்த நிறம்தான் இன்றும் சுவர்களில் இருப்பது; இளஞ்சிவப்பு என்று பெயர், பார்த்தால் காவிக்கு அருகில் இருக்கும்.

திரிபோலியாவிலிருந்து பிரியும் மணிஹாரோன் கா ராஸ்தா என்ற சந்தில் அரக்கு வளையல் செய்பவர்கள் இருக்கிறார்கள். கடை வாசலிலேயே கரியடுப்பு. அரக்குக் கட்டியை அனலில் காட்டி இளக்கி, மேலே நிற அரக்கைத் தேய்த்து, மரப்பலகையால் உருட்டி நீளக் கம்பியாக்கி, மர உருளையில் சுற்றி முனைகளை ஒட்டுகிறார் அந்த அம்மா. சூடு ஆறுவதற்குள் பொடிக் கற்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பதிக்கிறார். என் கையை ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு, அளவுகோல் எதுவும் இல்லாமல் அளவு எடுத்துவிட்டார். போட்டபோது வளையல் இளஞ்சூடாகவே இருந்தது. ராஜஸ்தானில் மணப்பெண்ணின் கைக்கு அரக்கு வளையல் மங்கலப் பொருள். புதுமணப் பெண் என்று தெரிந்ததும் சிவப்பைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்.

மட்பாண்டத்தில் ஜெய்ப்பூரின் சிறப்பு நீல நிறப் பாண்டம். அதில் குயவர்கள் பிசையும் வழக்கமான களிமண் கிடையாது. படிகக்கல் பொடி, கண்ணாடிப் பொடி, முல்தானி மிட்டி, பிசின் ஆகியவற்றைக் கலந்து செய்வது. எளிதில் உடையும் என்பதால் கைப்பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். மென்பருத்தி அடைத்த ஜெய்ப்பூர் ரஜாய்ப் போர்வையும், சாங்கானேர், பக்ரூ அச்சுத் துணிகளும் தயக்கமில்லாமல் வாங்கத் தக்கவை.

வாங்கக் கூடாதது நவரத்தினக் கல். ஜெய்ப்பூர் மரகதம் பட்டை தீட்டுவதில் பெயர்பெற்ற ஊர் என்பதையே தூண்டிலாக்கி, "இங்கே வாங்கி உங்கள் ஊரில் விற்றால் மும்மடங்கு லாபம்" என்று பேசுபவர்கள் உண்டு. ஆட்டோக்காரர் தாமாகவே அழைத்துச் செல்லும் கடையில் அவருக்குரிய தரகும் விலையில் சேர்ந்திருக்கும். எங்களை ஒருவர் "ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்" என்று ஒரு கடையில் இறக்கிவிட, வெளியே வர ஒன்றரை மணி நேரமும் வேண்டாத ஒரு விரிப்பும் செலவாயின. விலை கேட்டால் பாதியிலிருந்து பேசத் தொடங்குங்கள். இந்தி வராவிட்டாலும் கால்குலேட்டரை நீட்டினால் பேச்சு நடந்துவிடும்.

நான்காம் நாளும் சாப்பாடும்

அடுத்து ஆக்ரா போகிறவர்கள் நான்காம் நாள் காலையில் வாடகைக் காரில் கிளம்பி, வழியில் ஆபானேரியில் உள்ள சாந்த் பாவடிப் படிக்கிணற்றைப் பார்த்துவிடலாம். 13 அடுக்குகளில் சுமார் 3,500 படிகள் இறங்கும் அந்தக் கிணற்றுக்காக மட்டுமேகூட 95 கி.மீ. பயணம் தகும். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்து நாளைக் கணக்கிடுங்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் விமான நிலையத்துக்கு அருகில் உள்ள பத்ரிகா வாயிலை விடியற்காலையில் பார்த்துவிட்டுப் போகலாம். பொழுது ஏறினால் திருமணப் படப்பிடிப்புக் குழுக்கள் ஒவ்வொரு வளைவுக்கும் வரிசையில் நிற்கும்.

சைவம் உண்பவர்களுக்கு ஜெய்ப்பூர் சொர்க்கம். பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி மூன்றும் சேர்ந்த தால் பாட்டி சூர்மாவை மதியத்தில் மட்டும் சாப்பிடுங்கள்; நெய்யில் நனைத்த அந்த உருண்டைகளை இரவில் உண்டால் மறுநாள் ஆமேர் ஏற முடியாது. காலையில் வெங்காயக் கச்சோரி, வெயில் ஏறியதும் மண் குவளையில் லஸ்ஸி, இனிப்புக்கு கேவர். பாலை நிலக் காய்களான கேர் சாங்கிரிப் பொரியல் புளிப்பும் காரமுமாக நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். மூன்றாம் நாள் சோறும் ரசமும் தேடத் தொடங்குவீர்கள். தயிர்சாதத்துக்கான ஊறுகாயை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும்போது அரக்கு வளையல்களைப் பஞ்சில் சுற்றி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். ஊருக்கு வந்த பிறகும் வெயில் படும் இடத்தில் அவற்றை விட்டுவைக்கக் கூடாது. என் சிவப்பு வளையல்களில் ஒன்றை ஏப்ரல் மாதத்தில் காரின் முன்பலகையில் மறந்துவிட்டுப் போய், இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது அது முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. இப்போது என் கைக்கும் சேராமல், தூக்கிப்போடவும் மனமில்லாமல், சாமி அலமாரியில் கிடக்கிறது.